மாதம் நூறு டாலரில் ஐந்து ரிவால்வர்: ஒரு சேகரிப்பின் முதல் வருடம்

பச்சைத் துணி விரித்த மேசையில் அது கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன ரிவால்வர். நிக்கல் பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது. கறுப்பு ரப்பர் பிடியில் ஓர் ஆந்தைத் தலை. நூலில் கட்டிய அட்டையில் "1896, ஆன்டிக், 180 டாலர்" என்று பேனாவில் எழுதியிருந்தார்கள். குண்டு வெளியேறும் குழாயான பேரலின் மேல்பக்கத்தில் பொடி எழுத்தில் வரிசையாகத் தேதிகள் பொறித்திருந்தன. கடைசித் தேதியின் வருடம் 1896.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நான் போன முதல் துப்பாக்கிக் கண்காட்சி அது. என்னை அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். தொழிற்சாலைக்குக் கருவிகள் செய்கிற டூல் ரூமில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ரிவால்வரைக் கையில் வாங்கினார், திறந்தார், ஐந்து துளையும் காலியா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "இதைச் செய்தது எந்த வருடம்?" என்று கேட்டார். "1896" என்றேன். "அது காப்புரிமை கிடைத்த தேதி. செய்த தேதி இல்லை" என்றார்.

அந்த ஒரு பதிலால் நான் அன்று எதுவும் வாங்காமல் திரும்பினேன். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் ஐவர் ஜான்சன் என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் ஐந்து ரிவால்வர் வாங்கினேன், ஆறாவதாக ஒன்றை வாங்கி நஷ்டப்பட்டு விற்றேன். மாதம் நூறு டாலர், வருடத்துக்கு 1,200 டாலர் என்பது நானும் மனைவியும் பேசி முடிவு செய்த வரம்பு. அந்தப் பணத்தில் என்ன செய்ய முடிந்தது, எங்கே தவறினேன், ஏன் தவறினேன் என்பதை நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஏன் இந்தக் கம்பெனி

அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்ப் செட்டுக்கான ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பார். பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய் இரும்புத் துருவலைக் கூட்டி அள்ளுவது என் வேலை. ஒரு பொருளைப் பார்த்தால் இதை எப்படிப் பிடித்தார்கள், எந்தப் பக்கம் முதலில் கடைந்தார்கள் என்று யோசிக்கிற பழக்கம் அங்கேதான் வந்தது. பழைய ரிவால்வர் என்னை இழுத்ததற்கும் அதுவே காரணம். சுடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. நூறு வருடத்துக்கு முன் சின்னச் சின்னப் பாகங்களை ஒன்றோடொன்று இசைய வைத்து, லட்சக்கணக்கில் செய்து, ஒரு கூலித் தொழிலாளி வாங்கக்கூடிய விலைக்கு விற்றிருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்பதில்தான் என் ஆர்வம்.

பழைய ரிவால்வர் என்றதும் எல்லோரும் கோல்ட் என்பார்கள், அடுத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்பார்கள். கோல்ட் கம்பெனியின் பழைய சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ஒன்று நல்ல நிலையில் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். என் ஒரு வருடப் பணத்தில் அதன் பிடியைத்தான் தொட முடியும். பெரியவர் வேறு வழி காட்டினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரைச் சுற்றி 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மலிவு ரிவால்வர் செய்கிற கம்பெனிகள் பல இருந்தன. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், ஃபோர்ஹேண்ட் அண்ட் வாட்ஸ்வர்த் ஆகியவை வூஸ்டரிலேயே இருந்தவை. கனெக்டிகட் பக்கம் நார்விச்சில் ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன். இவை எல்லாம் இன்றும் நூறு, இருநூறு டாலருக்குள் கிடைக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் ஐவர் ஜான்சன்.

ஐவர் ஜான்சன் நார்வேயில் 1841-இல் பிறந்தவர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1863-இல், அமெரிக்கா வந்தார். 1871-இல் மார்ட்டின் பை என்ற கூட்டாளியோடு சேர்ந்து வூஸ்டரில் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தார். 1883-இல் கம்பெனி அவருடையதாகவே ஆனது. 1891-இல் ஃபிட்ச்பர்க் என்ற ஊருக்கு மாறியது. அவர் இறந்தது 1895-இல். கம்பெனியின் பெயர் 'ஆர்ம்ஸ் அண்ட் சைக்கிள் வொர்க்ஸ்'. ஆமாம், சைக்கிளும் செய்தார்கள். கறுப்பின மக்களிலிருந்து வந்த முதல் உலகச் சைக்கிள் சாம்பியன் மேஜர் டெய்லர் 1900-இல் ஐவர் ஜான்சன் சைக்கிளில்தான் பந்தயம் ஓட்டினார். ஒரே கூரையின் கீழ் சைக்கிளும் துப்பாக்கியும் செய்த பட்டறை என்றதும், எனக்கு ஊரில் ஒரே பட்டறையில் கிரைண்டரும் மோட்டாரும் செய்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்த நிமிடமே இந்தக் கம்பெனி என்று முடிவு செய்துவிட்டேன்.

தமிழில் 'ஐவர்' என்று எழுதும்போதெல்லாம் ஐந்து பேர் என்றுதான் கண் படிக்கிறது. என் சேகரிப்பும் முதல் வருடத்தில் ஐந்தில் வந்து நின்றதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

1898 என்ற கோடு

சட்டத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-ஆம் வருடமோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி 'ஆன்டிக்'. மத்தியச் சட்டத்தின் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. அதன் பிறகு செய்தவற்றில் ஐம்பது வருடம் தாண்டி, பழைய நிலையிலேயே இருப்பவை 'க்யூரியோ அண்ட் ரெலிக்' (அரும்பொருளும் பழம்பொருளும்) என்ற வகையில் வரும். இந்த வகைக்கென்று சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முப்பது டாலர். விண்ணப்பத்தின் நகல் ஒன்றை உள்ளூர்க் காவல்துறைத் தலைமைக்கும் அனுப்ப வேண்டும். உரிமம் இருந்தால் வேறு மாநிலத்திலிருந்தும் இந்த வகைத் துப்பாக்கியை நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். ஆனால் வாங்கியதையும் கொடுத்ததையும் ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதி வைக்க வேண்டும். இதை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது. மாநிலச் சட்டங்கள் தனி. ஒஹாயோவில் சரி என்பது நியூயார்க்கிலோ நியூஜெர்ஸியிலோ சரியாக இருக்காது.

நம்மவர்களுக்காக ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர் வைத்திருக்கிறார், கண்காட்சியில் விற்கிறார்கள் என்று பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். குடியுரிமையோ க்ரீன் கார்டோ வரட்டும், அப்புறம் யோசிக்கலாம். ஊருக்குக் கொண்டுபோகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கியைத் தொட முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கை இங்கேயே வைத்துக்கொள்வதுதான் சரி.

இப்போது அந்த அட்டைக்கு வருவோம். "1896, ஆன்டிக்" என்று எழுதியவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பேரலில் தேதியைப் பார்த்தார், எழுதினார். பெரியவர் அவரிடம் அனுமதி கேட்டு, சட்டைப் பையிலிருந்து பொருத்தமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிடியின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினார். இடது பக்க ரப்பர் தகடு கையோடு வந்தது. அதன் கீழே, எண்ணெயும் தூசியும் கெட்டியாகிப் படிந்த இரும்பில், ஓர் எழுத்தும் பின்னால் எண்களும் இருந்தன. அதுதான் சீரியல் நம்பர். உள்ளே மெயின் ஸ்பிரிங் தட்டையான பட்டையாக இருந்தது. பேரலைப் பிடித்திருக்கும் மேல் தாழ்ப்பாளில் இரண்டு தூண்கள் தெரிந்தன.

ஐவர் ஜான்சனின் 'சேஃப்டி ஆட்டோமேட்டிக்' ரிவால்வரைச் சேகரிப்பவர்கள் மூன்று மாடலாகப் பிரிப்பார்கள். முதல் மாடல் 1894 முதல் 1896 வரை, தாழ்ப்பாளில் ஒற்றைத் தூண். இரண்டாவது 1897 முதல் 1908 வரை, இரட்டைத் தூண். மூன்றாவது 1909-இல் வந்தது. உள்ளே தட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங், புகையில்லாத வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குகிற உடல். முதல் இரண்டும் பழைய கருமருந்துக்குச் செய்தவை. அப்படியானால் மேசையில் இருந்தது இரண்டாவது மாடல். 1897-லும் செய்திருக்கலாம், 1908-லும் செய்திருக்கலாம். சீரியல் நம்பரைப் பட்டியலோடு ஒப்பிட்டால் 1900-க்குப் பிறகு என்று வந்தது. ஆன்டிக் இல்லை. அட்டையை நம்பி வாங்கி, ஆன்டிக்தானே என்று பதிவில்லாமல் வேறு மாநிலத்துக்கு அனுப்பியிருந்தால் அது குற்றம்.

பிடியில் இருக்கும் ஆந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துக் காலம் சொல்பவர்களும் உண்டு. நான் அதை நம்புவதில்லை. ஒரு ஸ்க்ரூவில் நிற்கிற தகடு நூறு வருடத்தில் எத்தனை முறை மாறியிருக்கும்! ஸ்பிரிங்கும் தாழ்ப்பாளும் சீரியல் நம்பரும் அவ்வளவு எளிதில் மாறாது.

வீட்டுக்கு வந்து உரிமத்துக்கு எழுதிப் போட்டேன். இரண்டு மாதத்தில் வந்தது. அடுத்த கண்காட்சியில் அதே மனிதர், அதே மேசை, அதே ரிவால்வர். அட்டையில் இருந்த 'ஆன்டிக்' மட்டும் அடித்திருந்தது. 140 டாலருக்குக் கொடுத்தார். பதிவேட்டில் முதல் வரி அது.

உள்ளே என்ன இருக்கிறது

'ஆட்டோமேட்டிக்' என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தானாகச் சுடுகிற துப்பாக்கி இல்லை இது. மேல் தாழ்ப்பாளைத் தூக்கிப் பேரலைக் கீழே மடக்கினால், தோட்டாக்கள் நிற்கிற சிலிண்டரின் நடுவிலிருந்து ஒரு நட்சத்திரத் தகடு மெல்ல எழுந்து காலித் தோட்டா உறைகளை மேலே தள்ளும். முழுக்க மடங்கியதும் டக்கென்று உள்ளே விழுந்துவிடும். தானாக வெளியே தள்ளுவதால் அந்தப் பெயர். இந்த மாதிரி மடங்குகிற வகையைச் சேகரிப்பவர்கள் டாப் பிரேக் என்பார்கள். ஐம்பது முறை மடக்கிப் பார்த்திருப்பேன், அந்த டக்கென்ற சத்தம் எனக்கு அலுக்கவில்லை.

'சேஃப்டி' என்பதுதான் உண்மையான சாதனை. பழைய ரிவால்வர்களில் ஹேமரின், அதாவது பின்னாலிருந்து அடிக்கிற சுத்தியலின், மூக்கு நேராகத் தோட்டாவின் மேல் உட்காரும். கீழே விழுந்தாலோ, ஹேமரில் அடிபட்டாலோ வெடித்துவிடும். ஐவர் ஜான்சன் ரிவால்வரில் அடி ஊசி தனியாக உடலுக்குள் இருக்கிறது. ஹேமர் அதை எட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புத் துண்டு, ட்ரிகரை முழுக்க இழுத்தால் மட்டும் மேலே எழுந்து, ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்துகிறது. ட்ரிகரை விட்டால் கீழே இறங்கிவிடும். எளிய யோசனை, அழகான யோசனை. ரூகர் கம்பெனி 1973-இல் தன் ரிவால்வர்களில் கொண்டு வந்ததும் இதே வழிதான். நாலைந்து டாலர் ரிவால்வரில் அதற்கு எழுபது, எண்பது வருடம் முன்பே இது இருந்தது என்பதை முதலில் புரிந்துகொண்டபோது, அப்பாவுக்குப் போன் செய்து அரை மணி நேரம் விளக்கினேன்.

ஆறாவது: நஷ்டம் வந்த கதை

நான்காவது மாதம். இரண்டு ஐவர் ஜான்சன் கையில் இருந்தன, உரிமமும் இருந்தது. ஏதோ தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிட்டது. இணைய ஏலம் ஒன்றில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38 டபுள் ஆக்ஷன் வந்தது. 1880-இல் அறிமுகமான டாப் பிரேக் வகை. படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. 310 டாலருக்கு எடுத்தேன். என் மூன்று மாதப் பணம்.

பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்தபோது மினுமினுப்பு உண்மைதான். பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஜன்னல் ஓரம் போய், கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு, முதலில் ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பார்த்தார். "இது ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் எல்லாமே இருந்தது. அந்தக் காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் டாப் பிரேக் ரிவால்வருக்குத் தொழிற்சாலையில் நிக்கல் பூசும்போது ட்ரிகர் வளையத்தை நீலக் கருமையிலேயே விட்டுவிடுவார்கள். ஹேமரும் ட்ரிகரும் கேஸ் ஹார்டனிங் செய்தவை, அதாவது மேல்பரப்பை மட்டும் கெட்டியாக்கியவை. அவற்றில் எண்ணெய் படிந்த தண்ணீரில் தெரிவது மாதிரிப் பழுப்பும் நீலமும் கலந்த நிறம் இருக்கும். என்னுடையதில் வளையம் வெள்ளை, ஹேமர் வெள்ளை, ட்ரிகர் வெள்ளை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு எனக்கே ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பேரல் மேல் எழுத்துகள் ஆழமில்லாமல், ஓரம் மழுங்கி, தேய்ந்த நாணயம் மாதிரி. ஸ்க்ரூ ஓட்டைகளின் விளிம்பு உள்நோக்கிக் குழிந்திருந்தது, மெருகேற்றுகிற பஃபிங் சக்கரம் அழுத்திய அடையாளம். உடலின் கூர்மையான விளிம்புகள் எல்லாம் சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருந்தன. நிக்கலுக்குக் கீழே, பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், துரு தின்ற பொடிக் குழிகள். கடைசியாகப் பிடியின் அடியில் இருந்த எண்ணையும் சிலிண்டரின் பின்பக்கத்து எண்ணையும் ஒப்பிட்டோம். இரண்டும் வேறு வேறு. சிலிண்டரே இன்னொரு ரிவால்வருடையது.

எனக்கு மனசு கனத்துப் போனது. பணத்தைவிட வேறொன்று உறுத்தியது. பட்டறைக்குப் பக்கத்திலேயே பிளேட்டிங் கடை இருந்தது. சைக்கிள் ஹேண்டில்பாரைப் பஃப் செய்து முக்கி எடுப்பதை நூறு முறை பார்த்திருக்கிறேன். பூசுவதற்கு முன் எவ்வளவு தேய்ப்பார்கள், எழுத்து எப்படி மறையும் என்பதெல்லாம் கண்ணால் கண்டது. அந்த அனுபவத்தை இங்கே பயன்படுத்தத் தோன்றவில்லை. பெயரைப் பார்த்தேன், மினுக்கைப் பார்த்தேன். ஏலத்துக்கு முன் "ட்ரிகர் வளையத்தை அருகில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, சிலிண்டர் எண்ணைப் படிக்க முடியுமா" என்று இரண்டு வரி எழுதிக் கேட்டிருந்தால் போதும். விளம்பரத்தில் விற்றவர் பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை. 'ஒரிஜினல்' என்ற சொல்லே அதில் இல்லை. இல்லாத சொல்லை நான்தான் கவனிக்கவில்லை.

உரிமம் பெற்ற கடை ஒன்றின் மூலம், மறுபூச்சு, எண் பொருந்தாதது என்று தெளிவாக எழுதி, 190 டாலருக்கு விற்றேன். நஷ்டம் 120.

இந்தத் துறையில் பழைய துப்பாக்கிகளின் நிலையை எக்ஸலண்ட், ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று படி வைத்துச் சொல்வார்கள். அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த அளவுகோல் அது. புதிதாக வருபவர்கள் இந்தப் படியில் உயரமாகப் பார்க்கிறார்கள். குறைந்த பணத்தில் சேகரிப்பவர் பார்க்க வேண்டியது வேறு. நிக்கல் பாதி உரிந்திருந்தாலும் அந்தப் பாதி தொழிற்சாலையில் பூசியதா, எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, ஸ்க்ரூ தலைகள் சிதையாமல் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். உரிந்த பூச்சு ரிவால்வரின் வயதைச் சொல்கிறது. மறுபூச்சு அதை அழித்துவிடுகிறது. ஹேமரை ஏற்றும்போது சிலிண்டர் சரியான இடத்தில் வந்து நிற்கிறதா, பேரலும் உடலும் சேருகிற கீலில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் கையில் எடுத்தே பார்க்க வேண்டும். டாப் பிரேக் வகையில் முதலில் தேய்வது அந்தக் கீலும் தாழ்ப்பாளும்தான். சீரியல் நம்பரைச் சுரண்டியது ஒன்று கண்ணில் பட்டால் விலையே கேட்காமல் நகர்ந்துவிட வேண்டும், அதை வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்.

மற்ற நான்கு

இரண்டாவதாக வாங்கியது மூன்றாவது மாடல் .38, 165 டாலர். பிடியைக் கழற்றிச் சுருள் ஸ்பிரிங்கை என் கண்ணால் பார்த்தேன். முதலாவதையும் இதையும் பக்கத்தில் வைத்தால், ஒரு கம்பெனி தன் பொருளைத் திருத்திக்கொண்ட விதம் கையிலேயே தெரிகிறது. இந்த .38 வேறு, இன்று கடையில் பரவலாகக் கிடைக்கும் .38 ஸ்பெஷல் வேறு. பெயர் ஒற்றுமையை வைத்து ஒன்றை மற்றொன்றில் போட்டுப் பார்க்கவே கூடாது.

மூன்றாவது, ஹேமர் வெளியே தெரியாத மாடல், 175 டாலர். கோட்டுப் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாமல் இருக்கச் செய்தது. நான்காவது 'யு.எஸ். ரிவால்வர் கம்பெனி' என்று பொறித்த .32. விலை வெறும் 90. அப்படி ஒரு தனிக் கம்பெனி இல்லை. ஐவர் ஜான்சனே இன்னும் மலிவாக, அந்தப் பாதுகாப்பு இரும்புத் துண்டு இல்லாமல் செய்து, வேறு பெயரில் விற்றது. 1933 பிப்ரவரியில் மியாமியில் ஸங்காரா என்பவர், குடியரசுத் தலைவராகத் தேர்வாகியிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நோக்கிச் சுட்டது இந்தப் பெயர் போட்ட ரிவால்வரால்தான். ரூஸ்வெல்ட் தப்பினார், உடன் இருந்த சிகாகோ மேயர் செர்மாக் காயப்பட்டு மார்ச்சில் இறந்தார். அடகுக் கடையில் எட்டு டாலருக்கு வாங்கிய துப்பாக்கி அது.

ஐந்தாவது 'சூப்பர்ஷாட் சீல்டு எய்ட்', .22, எட்டுத் தோட்டா, 1930-களில் வந்த வகை, 230 டாலர். தோட்டாவின் விளிம்பு சிலிண்டருக்குள் முழுக்கப் புதைகிற மாதிரி ஒவ்வொரு துளையின் வாயையும் தனியாகக் கடைந்திருக்கிறார்கள். கவுண்டர் போர் வேலை. அதன் சுத்தத்தைப் பார்க்க நான் லென்ஸ் வாங்கினேன்.

படுக்கையில் ஒரு குழந்தை

இந்தக் கம்பெனியின் பழைய விளம்பரம் ஒன்று உண்டு, 1904-ஐ ஒட்டியது. ஒரு சின்னப் பெண் குழந்தை இரவு உடையில் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ரிவால்வர். இதனால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று அப்பா சொன்னார் என்பது வாசகம். ஹேமரை நிஜச் சுத்தியலால் அடித்தாலும் வெடிக்காது என்பது அவர்களுடைய புகழ்பெற்ற கோஷம்.

நான் மேலே புகழ்ந்த அதே இரும்புத் துண்டைப் பற்றிய விளம்பரம்தான் இது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஹேமரில் அடித்தால் வெடிக்காது, சரி. குழந்தையின் விரல் போவது ஹேமருக்கா, ட்ரிகருக்கா? ட்ரிகரை இழுத்தால் வெடிக்கத்தான் செய்யும், அதற்குத்தானே செய்தது!

முதல் ரிவால்வரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி அதைத் தொடவில்லை. "ஏனுங்க, புள்ளைக்கு ஆறு வயசுங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று இரவே உட்கார்ந்து பேசி மூன்று விஷயம் முடிவு செய்தோம். இந்த வீட்டுக்குள் தோட்டா ஒன்றுகூட வராது, காலி உறையும் வராது. எல்லாம் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், சாவி ஒன்று அவளிடமும் இருக்கும். மகன் கேட்டால் மறைக்காமல் காட்டுவேன், ஆனால் பெட்டி திறந்திருக்கும்போது நான் அறையை விட்டு நகர மாட்டேன். இதுவரை மூன்றும் மாறவில்லை. சுடுவதற்கு நான் வாங்கவில்லை என்பதால் தோட்டா இல்லாதது எனக்குக் குறையே இல்லை. கருமருந்துக்குச் செய்த நூற்றாண்டுப் பழசில் இன்றைய தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது ரிவால்வருக்கும் கேடு, கைக்கும் கேடு.

பராமரிப்பு பெரிய செலவு இல்லை. தோல் உறையில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நிக்கல் பூச்சில் அமோனியா கலந்த திரவம் படக்கூடாது, அடியில் செம்புப் படலம் இருந்தால் அதைத் தின்று பூச்சைத் தூக்கிவிடும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்துகிற மெழுகு ஒரு சின்ன டப்பா வாங்கினால் பல வருடம் வரும். ரப்பர் பிடியை வெயிலில் வைத்தால் கறுப்பு பழுப்பாகிவிடும், பிறகு திரும்பாது.

பஃபலோவில்

ஒன்பதாவது மாதம், குடும்பத்தோடு நயாகரா போகிற வழியில் பஃபலோ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1901-இல் அங்கே நடந்த பான்-அமெரிக்கக் கண்காட்சிக்குக் கட்டியவற்றில் நிலைத்து நிற்கட்டும் என்று கட்டிய கட்டடம் அது. அந்த வருடம் செப்டம்பர் 6-ஆம் தேதி, கண்காட்சியின் இசை மண்டபத்தில் பொதுமக்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்த குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லியை லியோன் ஷோல்காஷ் என்ற இளைஞர் இரண்டு முறை சுட்டார். கைக்குட்டை சுற்றிய கைக்குள் ரிவால்வர் இருந்தது. மெக்கின்லி 14-ஆம் தேதி இறந்தார். அந்த ரிவால்வர் ஐவர் ஜான்சன் .32 சேஃப்டி ஆட்டோமேட்டிக். சில நாள் முன்பு பஃபலோவிலேயே நாலரை டாலருக்கு வாங்கியது.

கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஆந்தைதான். என் பெட்டியில் இருப்பதன் உடன்பிறப்பு. சுட்டவர் கிளீவ்லாந்தில் கம்பி ஆலையில் வேலை பார்த்தவர். இறந்தவர் ஒஹாயோவின் கேன்டன் ஊர்க்காரர். நான் தினமும் வண்டி ஓட்டுகிற சாலைகள் இருவருக்கும் தெரிந்தவை. மலிவாக, லட்சக்கணக்கில், யார் வேண்டுமானாலும் வாங்கும்படி செய்ததைத்தானே நான் வியந்தேன்? அந்த மலிவின் இன்னொரு பக்கம் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. இந்த வகைத் துப்பாக்கிகள் அந்தக் காலத்தில் கடைப் பட்டியலைப் பார்த்துத் தபாலிலேயே வரவழைக்கக்கூடியவை. மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிகளை அரசுத் தபாலில் அனுப்புவதை 1927-இல்தான் தடுத்தார்கள். மாநிலம் விட்டு மாநிலம் தபால் விற்பனைக்கு 1968 சட்டம்தான் முற்றுப்புள்ளி வைத்தது. அந்த வருடம் ஜூனில் செனட்டர் ராபர்ட் கென்னடியைச் சுட்டதும் ஐவர் ஜான்சன், .22 கேடட். எனக்கு உரிமம் கொடுத்த அதே சட்டம் அந்த வருட அக்டோபரில் கையெழுத்தானது.

திரும்பி வந்து பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு ரிவால்வருக்கும் நான்கு பக்கம். எப்போது செய்தது, அப்போது என்ன விலை, எந்தச் சட்டத்தின் கீழ் விற்றது, யார் கையில் இருந்தது என்று தெரிந்ததை எழுதுகிறேன். என் சேகரிப்புக்கு இப்போது அந்த நோட்டுதான் நடு. ரிவால்வர் அதற்குத் துணை.

கணக்கு

ஐந்து ரிவால்வருக்கு 800 டாலர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் போனது 120. உரிமம் 30. இரும்புப் பெட்டி 85. மெழுகு, லென்ஸ், ஸ்க்ரூ தலையைச் சிதைக்காத ஸ்க்ரூடிரைவர் செட் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 1,095. கையில் மிச்சம் 105 டாலர்.

பன்னிரண்டாவது மாதக் கண்காட்சியில் ஒரு மேசையில் முதல் மாடல் இருந்தது. ஒற்றைத் தூண் தாழ்ப்பாள், 1894 முதல் 1896-க்குள் செய்தது, உண்மையான ஆன்டிக். நிக்கல் முக்கால்வாசி நின்றிருந்தது, ஹேமரில் பழைய நிறம் லேசாக இருந்தது. விலை 260. அரை மணி நேரம் பேசினோம். அவர் 240 வரை இறங்கினார். நான் அனுமதி கேட்டுப் பிடியைக் கழற்றி, சீரியல் நம்பரையும் ஸ்பிரிங்கையும் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, பிடியைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த கண்காட்சி மார்ச்சில். இந்த மாத நூறும் அடுத்த மாத நூறும் சேர்ந்தால் 305.